பூச்சுக்கு முன்

கண்ணுக்குத் தெரிவதைப் பேணுவதில் மனிதர்க்கு உள்ள அக்கறை, மறைவில் நின்று பாரம் சுமப்பதைப் பேணுவதில் இருப்பதில்லை. வீட்டுச் சுவருக்கு விழாதோறும் வெள்ளையடிக்கிறோம். அடித்தளம் எந்நிலையில் இருக்கிறதென்று குனிந்து பார்ப்போர் அரியர். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தும் நம் கண்கள் சித்திரத்தையே நாடுகின்றன. பழைய சரக்கு ஊர்தி ஒன்றின் அடிச்சட்டத்தைச் செப்பனிடும் பணியில் 14 மாதங்கள் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அப்போது கண்டவற்றையும் எண்ணியவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அடிச்சட்டம் என்று இங்கே நாம் குறிப்பிடுவது, பட்டறைகளில் 'சேசிஸ்' என்று வழங்கப்படும் பகுதியை. நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் வழியே பயணம் செய்தோர், பாடி கட்டுவதற்காக வரும் புது லாரிகளைக் கண்டிருக்கக் கூடும். முன்னே எஞ்சினும் ஓட்டுநர் அமர ஒரு தற்காலிக இருக்கையும், பின்னே வெறும் இரும்புச் சட்டமும் சக்கரங்களுமாக, எலும்புக்கூடு ஒன்று சாலையில் ஓடுவதுபோல் அது தோன்றும். பின்னர் அதன்மேல் மரமும் தகடும் ஏறி, வண்ணமும் எழுத்தும் தீட்டப்பட்டுவிட்டால் அந்த எலும்புக்கூட்டை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சட்டமே அன்றோ?

உப்பு தின்னும் ஊர்

நாங்கள் வாழ்வது அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில். பிழைப்பை நாடி இங்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மோட்டார் வாகனத் தொழில் வளர்ந்து செழித்த மண் இது. வாகனங்களின் பகையும் இதே மண்ணில்தான் இருக்கிறது. அதன் பெயர் உப்பு. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் வண்டியின் அடிப்பாகத்தில் தெறித்து, மூலை முடுக்குகளில் தங்கி, இரும்பை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது. கார்களால் உலகப் புகழ் பெற்ற டெட்ராய்ட் நகரின் அடியில், ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டப்பட்ட உப்புச் சுரங்கம் ஒன்று உண்டு. ஊர்தி செய்யும் ஊரின் காலடியிலேயே அதை உண்ணும் பொருளும் கிடக்கிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவருக்கு வயது 80ஐக் கடந்துவிட்டது. கார்த் தொழிற்சாலை ஒன்றில் அச்சு வார்ப்புகள் செய்யும் நுண்தொழிலாளராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் களஞ்சியத்தில், வைக்கோல் தூசுக்கும் பழைய சாக்குகளுக்கும் இடையே, 1950ஆம் ஆண்டைச் சேர்ந்த செவர்லே 3100 ஊர்தி ஒன்று நெடுங்காலமாக நின்றிருந்தது. லாரிக்கும் காருக்கும் இடைப்பட்ட, பின்புறம் திறந்த தொட்டி உடைய 'பிக்கப்' வகை அது. உழவரான அவருடைய தகப்பனார் அதைப் புதிதாக வாங்கினாராம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947இல் அந்நிறுவனம் வெளியிட்ட புதிய வடிவத்தைச் சேர்ந்தது. 1955இன் தொடக்கம் வரை அவ்வடிவம் நீடித்தது. ஆறு உருளை எஞ்சின், முன் பின் சக்கரங்களுக்கு இடையே 116 அங்குல இடைவெளி, உருண்டு திரண்ட முகப்பு என்று, பார்த்தோர் மறவாத உருவம் அதற்கு உண்டு.

பெரியவரின் பேத்தி மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிபவர். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். அந்த வண்டியை மீண்டும் ஓடச் செய்து, தம் மகளை அதில் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு, இன்றைய சாலைக்கு ஏற்றவாறு வண்டியை மாற்ற வேண்டும் என்றார். பெரியவரோ, "என் தகப்பனார் வாங்கியபடியே இருக்கட்டும், திருகாணி ஒன்றும் மாறக் கூடாது" என்று உறுதியாக நின்றார். எங்கள் மூத்த மகன் வெல்டிங் தொழில் பயின்றவன். அவன் கைத்திறனை நம்பி இரு தரப்பினரும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவே, நாங்களும் இவ்வழக்கின் நடுவே வந்து சேர்ந்தோம்.

எண்ணெய் காத்த இடம்

முதல் வேலை கழற்றுவது. கூண்டு, தொட்டி, எஞ்சின், அச்சுகள் என ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. 70 ஆண்டு இறுகிய திருகாணிகள் எளிதில் அசைவதில்லை. எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் சூடாக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் அவற்றை இணங்க வைக்க முடிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் படமெடுத்து, சிறு பைகளில் இட்டு, எங்கிருந்து வந்ததென்று எழுதிக் கட்டினோம். அவ்வேலை பெரியவரின் கொள்ளுப்பேத்திக்கு உரியதாயிற்று. எழுத்துக் கூட்டப் பழகிக்கொண்டிருந்த அச்சிறுமி, பைகளின்மீது எண்களை மிகுந்த பொறுப்போடு எழுதினாள்.

பிறகு பிசுக்கை நீக்கும் வேலை. துருவை அகற்றுமுன் எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. பிசுக்கின்மேல் மணலைப் பாய்ச்சினால் அது போகாது. இரும்பின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துகொள்ளும். மூன்று நாள் சுரண்டிக் கழுவியபோது ஒரு வியப்பைக் கண்டோம். எஞ்சினிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஒழுகி அழுக்கேறிக் கிடந்த இடத்தில் இரும்பு அன்று செய்ததுபோல் இருந்தது. துடைத்து வைத்தாற்போல் தெரிந்த பின்பகுதியிலோ துரு அம்மைத் தழும்புபோல் குழிகள் இட்டிருந்தது. பார்வைக்கு அருவருப்பாய் இருந்த அழுக்கே அங்கே காவலாய் இருந்திருக்கிறது.

அடுத்து அளவெடுப்பு. சமதளத்தில் தாங்கிகளை நிறுத்தி, சட்டத்தை அவற்றின்மேல் ஏற்றி, நம் ஊர்க் கொத்தனார் பயன்படுத்தும் அதே ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் தரையில் குறித்தோம். பின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் ஒத்திருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று பொருள். 3 மில்லிமீட்டர் வரையிலான வேறுபாட்டைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். இங்கே 9 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. கண்ணால் பார்த்தால் சட்டம் நேராகவே தெரிந்தது. நூலும் குண்டும் வேறு கதை கூறின. இடப்பக்கத்துச் சட்டம் எங்கோ தளர்ந்திருக்கிறது. எங்கே?

தகட்டின் அடியில்

அக்கால ஊர்திச் சட்டங்கள் பெரும்பாலும் ரிவிட் அடித்துச் செய்யப்பட்டவை. 'ப' வடிவில் மடித்த இரு நீண்ட சட்டங்களை நெடுக வைத்து, அவற்றுக்கிடையே குறுக்குச்சட்டங்களை இணைப்பார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ. ஓ. ஸ்மித் நிறுவனம் 1921இல் தொடங்கிய தானியங்கி ஆலை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கார்ச் சட்டங்களைச் செய்தது என்றால் அத்தொழில் அன்றே அடைந்திருந்த உயரத்தை உணரலாம். ரிவிட் இணைப்பு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். கரடுமுரடான பாதையில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது உடையாமல் காக்கும் தன்மை அது. ஆயினும் ஓயாமல் முறுக்குண்ட இடத்தில் நாளடைவில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். ஓட்டும் சக்கரத்தின் விசையைத் தாங்கும் பெட்டி பொருத்தப்பட்ட முன்பகுதி அத்தகைய இடங்களுள் ஒன்று.

அவ்விடத்தில் கறுப்பு வண்ணத்தைச் சுரண்டியபோது உள்ளங்கை அகலத் தகடு ஒன்று தென்பட்டது. நாற்புறமும் பற்றவைத்து ஒட்டப்பட்டிருந்தது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்தார். கண்பார்வை மங்கிய அவருக்கு விரல்கள் அடையாளம் காட்டின.

"இது என் தகப்பனாரின் கை வேலை. 1962ஆம் ஆண்டுக் குளிர்காலம். நான்தான் விளக்குப் பிடித்தேன்" என்றார்.

எங்கள் மகன் சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். நல்ல இரும்பு மணிபோல் ஒலித்தது. தகட்டை நெருங்கியதும் ஒலி மங்கிற்று. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, தகட்டின் ஓரத்தைத் தாண்டி ஒரு கோடு, நகத்தால் கீறியதுபோல், வெளியே எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

விரிசலின்மேல் தகட்டை ஒட்டினால் விரிசல் மறையும், நின்றுவிடாது. தகடு ஒட்டிய பகுதி விறைத்துப்போக, விசையெல்லாம் அதன் ஓரத்தில் வந்து குவியும். அடியில் உள்ள பிளவு வளர்ந்துகொண்டே போகும். மறைந்திருப்பதால் அதைக் கவனிப்பாரும் இல்லை. ஆகவே தகட்டை நீக்காமல் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது என்பது தெளிவாயிற்று. அதைச் சொல்வது யார்? இறந்துபோன ஒரு தகப்பனின் உழைப்பை, அதை விரலால் அடையாளம் கண்ட மகனிடமே வெட்டி எறியச் சொல்வது எங்ஙனம்? எங்கள் மகன் ஒன்றும் பேசாமல் சுத்தியலை அவர் கையில் கொடுத்து, விலகி நின்றான். அவரே தட்டிப் பார்த்தார். மீண்டும் மீண்டும் தட்டினார். பின் சுத்தியலை வைத்துவிட்டு வீட்டுக்குள் சென்றுவிட்டார்.

இரண்டு வாரம் அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. பேத்தியும் அதுபற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் சனிக்கிழமை காலையில், தமது பழைய கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். தகட்டை அவரே அறுத்தார். கை நடுங்கியபோது எங்கள் மகன் தாங்கிப் பிடித்தான். அடியில் நான்கு விரற்கடை நீளத்திற்கு விரிசல் ஓடியிருந்தது. அவர் நீண்ட நேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவர் இதை வைத்தது அந்தக் குளிர்காலத்தைக் கடப்பதற்கு. 60 ஆண்டுக்கு அன்று. கறவைப் பால் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்தது ஒரு தகடு. அவர் செய்தது சரிதான். அதை அப்படியே விட்டு வைத்தவர்கள் நாங்கள்."

முன்னோர் செய்ததெல்லாம் என்றென்றைக்கும் என எண்ணிச் செய்தவை அல்ல. பல, அவ்வேளையின் நெருக்கடிக்காகச் செய்தவை. அவர்கள் நோக்கம் வண்டி ஓட வேண்டும் என்பது. தகட்டைக் காப்பதா, அந்நோக்கத்தைக் காப்பதா என்ற வினா எழும்போது எதைத் தேர்வது? குடும்பத்திலும் ஊரிலும் சங்கத்திலும் இவ்வினாவை எதிர்கொள்ளாதவர் நம்முள் யார்?

விரிசலைச் சீராக்கும் முறையும் கருதத் தக்கது. முதலில் அதன் இரு நுனிகளையும் கண்டறிந்து, அங்கே சிறு துளை இட வேண்டும். கூர்நுனியாய் ஓடும் பிளவு வட்டத் துளையை அடைந்ததும் விசை பரவி, மேலே செல்லாது நின்றுவிடும். பின் பிளவின் நெடுகிலும் சாய்வாகக் குடைந்து, அடிவரை திறந்து, அதன் பிறகே பற்றவைத்து நிரப்ப வேண்டும். அதாவது, எல்லையை அறிந்து, ஆழம்வரை திறந்து, பிறகே மூட வேண்டும். மேலோட்டமாக மூடியது எதுவும் மூடப்பட்டதாகாது.

வெட்டலாமா?

இனி மாற்றங்களைப் பற்றிய வழக்கு. அவ்வண்டியில் முன்னச்சு, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புப் பாளம். பட்டைச் சுருள்களின்மேல் அமர்ந்திருப்பது. இன்று பலர் அதை முற்றிலும் அகற்றி, 1974 முதல் 1978 வரை வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் இரண்டாம் வகைக் காரின் மாதிரியில் செய்த முன் தாங்கமைப்பைப் பற்றவைக்கிறார்கள். அப்போது சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். பயணம் சுகமாக இருக்கும். செவர்லேயின் வயிற்றில் ஃபோர்டின் எலும்பா என்று பெரியவர் முகம் சுளித்தார். அவர் முழு வாழ்வும் கழிந்த ஊரில் அது சிறிய சொல் அன்று! பேத்தி சிரித்துவிட்டார். எனினும் அவருடைய மறுப்பின் உட்பொருள் வேறு. அம்மாற்றத்திற்குப் பழைய குறுக்குச்சட்டத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய பின் பழைய நிலைக்குத் திரும்புதல் அரிது.

பல மாலைகள் பேசிப் பேசி, மாற்றங்களை மூவகையாகப் பிரித்தார்கள். திருகிப் பொருத்திப் பின் கழற்றக்கூடியவை ஒருவகை. துளையிட வேண்டியவை இரண்டாம் வகை. வெட்ட வேண்டியவை மூன்றாம் வகை. பெரியவர் ஒரு விதி வகுத்தார்: "திருகக் கூடியதைத் திருகுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஏன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வெட்டுங்கள். இரண்டு வரி தேவைப்பட்டால் அது ஆசை, தேவை அன்று."

பிரேக்கைப் பற்றிப் பேசியபோது ஒரு வரி போதுமானதாயிற்று. அக்கால ஊர்திகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் செல்லும். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேர நிற்க மறுக்கும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்த அமைப்பு 1960களின் இறுதியில்தான் அந்நாட்டுக் கார்களில் கட்டாயமாயிற்று. "குழந்தை இதில் உட்காரப் போகிறாள்" என்றார் பேத்தி. பெரியவர் உடனே தலையசைத்தார். இரு சுற்றுப் பிரேக்கும், முன்சக்கரங்களுக்கு வட்டத்தட்டு வகைப் பிரேக்கும் ஏற்கப்பட்டன. சுகத்திற்காக முன்னச்சை வெட்டுவதற்கு எவராலும் ஒரு வரியில் காரணம் கூற இயலவில்லை, அது தப்பித்தது. நெடுஞ்சாலையில் பிற வண்டிகளோடு இணைந்து செல்லப் பின்னச்சையும், எஞ்சினிலிருந்து அதற்குச் செல்லும் தண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் மாறியது. விரிசல் கண்ட முன்பகுதியில் 'ப' வடிவச் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டி வடிவாக்கி வலுவூட்டினார்கள். ஒரே இடத்தில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டினால் சட்டம் கோணிவிடும் என்பதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு சிறு தையலாக இட்டு, ஆறவிட்டு, மீண்டும் அளந்து, மீண்டும் இட்டார்கள். முடிவில் மூலைவிட்டங்களின் வேறுபாடு 2 மில்லிமீட்டராகக் குறைந்தது. அகற்றிய பழைய உறுப்புகள் அனைத்தும், அந்தத் தகடு உட்பட, பெயர் எழுதிப் பெட்டியில் வைக்கப்பட்டன. பின்வரும் தலைமுறை வேறு முடிவு எடுக்க விரும்பினால் அதற்கும் வழி இருக்க வேண்டும் அன்றோ?

பட்டி ஏற்காத சூளை

இவ்வளவும் முடிந்தபின் நேரே பூச்சுக்கு அனுப்பலாம் என்று எண்ணுவோம். அனுப்பவில்லை. எஞ்சின், கூண்டு, தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் பூச்சில்லாத வெறும் சட்டத்தின்மேல் முழுமையாகப் பொருத்திப் பார்த்தார்கள். எங்கு துளை வேண்டும், எங்கு உரசுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பூச்சிட்ட பின் ஒரு துளை இட்டாலும், அத்துளையின் விளிம்பு உப்புநீருக்குத் திறந்த வாசலாகிவிடும். ஆகவே ஒன்றுவிடாமல் பொருத்தி, ஒன்றுவிடாமல் மீண்டும் கழற்றினார்கள். தெருவில் சென்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "சென்ற வாரம் வண்டியாக இருந்ததே!" என்று வியந்தார்.

பின் சட்டத்தின்மீது காற்றழுத்தத்தால் நுண்துகள்களைப் பாய்ச்சித் துருவை நீக்கினார்கள். முன்பு இதற்கு ஆற்று மணலையே பயன்படுத்தினர். அத்தூசு நுரையீரலில் படிந்து தீராநோய் தரும் என்பதால், இப்போது கார்னெட் கல்தூள், எஃகுத்துகள் போன்றவற்றை நாடுகிறார்கள். துகள் பட்ட இரும்பு சாம்பல் நிறத்தில், சற்றே சொரசொரப்பாக, பிறந்த மேனியாய் நின்றது. அந்நிலையில் அதற்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஈரக்காற்று பட்டால் சில மணி நேரத்திலேயே துரு அரும்பும். வெறுங்கையால் தொட்டாலும் வியர்வையின் தடம் பதியும். எனவே காலம் தாழ்த்தாமல் பூச்சிட வேண்டும்.

பவுடர் கோட்டிங் என்னும் இம்முறை 1950களில் ஜெர்மனியில் தோன்றி, மின்னேற்ற முறை வந்தபின் பரவியது. திரவ வண்ணம் இதில் இல்லை. மாவு போன்ற உலர்ந்த தூளுக்கு மின்னேற்றம் தந்து தெளிப்பார்கள். பூமியோடு மின்னிணைப்புத் தரப்பட்ட இரும்பு அதைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். பின் சூளையில் ஏற்றி, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடமேனும் வைத்தால் தூள் உருகி, இணைந்து, கெட்டியான தோலாகிவிடும். அந்த 10 நிமிடத்தைச் சூளை சூடேறியதிலிருந்து எண்ணக் கூடாது. கனத்த இரும்பின் உள்ளும் அவ்வெப்பம் சேர்ந்ததிலிருந்து எண்ண வேண்டும்.

பூச்சுப் பட்டறைக்காரர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "பட்டி எங்கேனும் உண்டா?" என்பதே. குழிகளையும் நெளிவுகளையும் பட்டி வைத்துச் சமன்செய்து, மேலே வண்ணம் அடித்து அழகாக்குவது நம் ஊரிலும் உள்ள வழக்கந்தான். சாதாரண வண்ணம் பட்டியை ஏற்கும், சூளை ஏற்காது. அவ்வெப்பத்தில் பட்டி கொப்புளித்து, வெடித்து, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். குழி இருந்தால் இரும்பால் நிரப்பு, அல்லது குழியாகவே விட்டுவிடு என்பது சூளையின் நீதி. மேலும், தூள் இடுமுன் வெறும் சட்டத்தை ஒருமுறை சூளையில் வைத்து எடுத்தார். ரிவிட் அடித்த இரு தகடுகளின் இடுக்கிலிருந்து இரண்டு இடங்களில் பழைய எண்ணெய் கசிந்து வழிந்தது. மூன்று நாள் கழுவியும் வெளிவராதது, சூடு கண்டபின் வெளிவந்தது. அவற்றைத் துடைத்துத் தூய்மை செய்த பிறகே அடுத்த படி.

திருகாணித் துளைகளையும், உறுப்புகள் இறுக அமரும் பரப்புகளையும், மின்னிணைப்பு தரவேண்டிய இடங்களையும் வெப்பம் தாங்கும் அடைப்பான்களாலும் நாடாவாலும் மறைத்தார். எல்லாவற்றையும் பூசிவிடுவது நற்பூச்சு அன்று. இரும்பு இரும்பைத் தொட வேண்டிய இடத்தில் பூச்சு புகக் கூடாது. உட்குழிவான மூலைகளில் தூள் எளிதில் சேர்வதில்லை. மின்புலம் உட்குழிவுகளில் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இல் காட்டிய இயல்பே இதற்குக் காரணம். அவ்விடங்களுக்கு முதலில் தூள் இட்டு, அகன்ற பரப்புகளைப் பின்னர் கவனித்தார். எளிதில் சேரும் இடம் எப்படியும் சேர்த்துக்கொள்ளும். சேராத இடத்திற்குத்தான் முதற்கவனம் தேவை என்றார்.

அப்போது அவர் பற்றவைப்பின்மீது விரலை ஓட்டி, "இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். எங்கள் மகன் கையை உயர்த்தினான். அவன் பொறியியல் பட்டப்படிப்புக்குப் போகாமல் வெல்டிங் பயிலச் சென்றபோது, ஊரிலிருந்து தொலைபேசியில் உறவினர் பலர் வருத்தம் தெரிவித்தனர். "இதற்காகவா அமெரிக்கா போனீர்கள்?" என்று கேட்டோரும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அன்று விடை இருக்கவில்லை. பட்டறைக்காரர் வேறொன்றும் புகழவில்லை. தம்மிடம் வரும் வேலைகளைப் பார்த்துத் தர ஆள் தேவை என்று மட்டும் கூறி, முகவரி எழுதி வாங்கிக்கொண்டார். அதைவிட வேறு விடை தேவைப்படவில்லை.

விரிசல் மூடிய இடத்தில் பற்றவைப்பின் மேட்டைத் தேய்த்துச் சமன்செய்யலாமா என்று முன்பே கேட்டிருந்தான். மேற்பரப்பு வழவழப்பாகி, பழுது நேர்ந்த சுவடே தெரியாது. பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். விசை குவியாதபடி மட்டும் தேய்த்துவிட்டு, சுவடு தெரியட்டும் என்றார். நாளை குனிந்து பார்ப்பவர், எங்கே கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதை அது சொல்லும் என்பது அவர் கருத்து.

எது சட்டம், எது பூச்சு?

பூச்சு முடிந்து வந்த சட்டம் கரும்பளிங்குபோல் மின்னியது. ஆயினும் பூச்சு நிலையானது என்று எவரும் எண்ண வேண்டாம். கல் பட்டு ஒரு சிறு சிதறல் ஏற்பட்டால், உப்புநீர் அதன்வழி நுழைந்து தோலுக்கடியில் ஊர்ந்து செல்லும்; மேலே பளபளப்பு மாறாமல் உள்ளே துரு பரவும். பெட்டி வடிவாக்கிய பகுதியின் உட்புறத்திற்குப் பூச்சு எட்டுவதே இல்லை. நீர் வடியத் துளைகள் விட்டு, உள்ளே மெழுகுப் பூச்சு தெளித்தார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் முடிந்தபின் படுத்துக்கொண்டு அடியில் பார்க்க வேண்டும் என்பது பேத்தி ஏற்றுக்கொண்ட கடமை. வலுவான பூச்சுக்கும் ஆண்டுக்கொருமுறை விளக்கு தேவைப்படுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் எங்களைப் போன்றோர்க்கு இப்பணி இன்னொரு வினாவையும் எழுப்பிற்று. வேற்று மண்ணின் சாலைக்கு ஏற்ப நாங்களும் பலவற்றை மாற்றிக்கொண்டோம். உடை, உணவு, பேச்சு என்று எத்தனையோ. அவற்றுள் எவை திருகிக் கழற்றக் கூடியவை? எவற்றை வெட்டினோம்? பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவது குறைந்துபோனது எவ்வகை? இதற்கு எங்கள் இல்லத்தில் இன்னும் ஒரு வரியில் விடை கூற எவராலும் இயலவில்லை. இத்தனை நாள் கேட்கப்படாதிருந்த கேள்வி, இப்போது உணவு மேசையில் கேட்கப்படுகிறது, அவ்வளவே.

தாய்மண்ணில் வாழ்வோர்க்கும் இவ்வினா அயலானது அன்று. பெற்றோர் விட்டுச் சென்ற வீடு, நிலம், தொழில், உறவு, வழக்கம் என்று ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு பழஞ்சட்டம் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்பது ஒரு கட்சி. காலத்திற்கேற்ப மாற்று என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் பெரும்பாலும் வண்ணத்தைப் பற்றியே வாதிடுகிறோம். சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தவர் யார்? ஒலி மங்கும் இடம் எதுவெனத் தெரிந்துவிட்டால், வாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அந்தக் களஞ்சியத்தில் அவ்வாறே முடிந்தது. காப்பவரும் மாற்றுபவரும் ஒரே விரிசலைக் குனிந்து பார்த்த நாளில், அவர்கள் இருவரும் விரும்பியது ஒன்றே என்பது புலனாயிற்று: சுமக்க வேண்டியதை அது சுமக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த பூச்சுக்கு நாள் குறிக்குமுன், பிசுக்கைக் கழுவி அளவெடுப்போம். பழைய தகடுகளை மரியாதையோடு நீக்கிப் பார்ப்போம். பட்டி வைக்கும் ஆசையைச் சற்றே அடக்குவோம். வண்ணம் எதுவாயினும் பின்னர் பேசிக்கொள்ளலாம்.